கோபக்கார டேபிள்

மாமியார் போட்ட டீயை மருமகள் குடிக்கிறாள். மருமகள் மடித்து வைத்த சேலையை மாமியார் கட்டுகிறாள். பேச்சு மட்டும் கிடையாது. பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், பச்சை கேட் போட்ட வீட்டில், குக்கர் வந்ததிலிருந்து இதுதான் நடப்பு. சரியாகச் சொன்னால், குக்கர் வராமல் போனதிலிருந்து.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வெண்சாமை ஃபுட்ஸ் கம்பெனியில் தேவிப்பிரியா ஹெச்.ஆர். அதே கம்பெனியின் பேக்கிங் ஹாலில் அவளுடைய மாமியார் தீர்த்தம்மாள், முதல் ஷெட் போட்ட காலத்திலிருந்து சாமை பிஸ்கட்டும் ராகி பிஸ்கட்டும் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். "எம்மருமவ நல்லாப் படிச்சிருக்குதுங்க" என்று ஓனரிடம் பேசி மாடி ஆபீசில் சேர்த்துவிட்டதே அவள்தான். அப்படிச் சேர்ந்த மருமகள், 'இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்' என்று மைக்கைப் பிடித்துப் பெயர் வாசித்தபோது, வந்த பெயர் லூர்துமேரி. பரிசுக் குக்கர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அதன் முதல் விசில் பச்சை கேட் வீடு வரைக்கும் கேட்டதாகத் தெருவில் பேச்சு. கேட்டிருக்காது. ஆனால் தீர்த்தம்மாளுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து வீட்டில் மொத்தப் பேச்சும் கதிரவன் வழியாகத்தான் போக்குவரத்து. பாவம், அவன் அரூர் பஸ்ஸில் கண்டக்டர். பகலெல்லாம் அடுத்தவர் சில்லறையைக் கைமாற்றிக் கொடுப்பவன், வீட்டுக்கு வந்தால் அடுத்தவர் பேச்சைக் கைமாற்ற வேண்டியிருக்கிறது.

இன்று காலையிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"கதிரு, இன்னிக்கு கம்பெனில என்னமோ வீடியோ எடுக்கறாங்களாம். எனக்குத் தலைய வலிக்குது, லீவுன்னு சொல்லிரு" என்றாள் தீர்த்தம்மாள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் அவளுக்குப் பக்கத்திலேயே நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கதிரவன் வாயிலிருந்த பிரஷ்ஷை எடுத்தான். "ஏம்மா, அவ இங்கதான நிக்கறா."

"நான் ஒன்கிட்டத்தான் சொன்னேன்."

"என்னங்க" என்றாள் தேவிப்பிரியா, கண்ணாடியைப் பார்த்தபடியே. "அத்தை இன்னிக்கு வரலைன்னா ஓனருக்கு நான்தான் பதில் சொல்லணும்னு சொல்லுங்க."

"கேட்டுச்சாம்மா?"

"என்னா கேக்கணும்? நான் டிவி பாக்கறேன்."

டிவி அணைந்துதான் இருந்தது.

தேவிப்பிரியாவுக்கு இன்று அத்தை வந்தே ஆக வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. தினமும் விடிந்தால் பொம்மிடி, அரூர் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓசூர் கம்பெனிகளுக்கு வேன் வேனாகப் போகிறது. வெண்சாமை ஃபுட்ஸோ இரண்டாவது யூனிட் கட்டி, பெயின்ட் அடித்து, கோலம் போட்டு வைத்திருக்கிறது. வேலைக்குத்தான் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அரூரில் வேலைவாய்ப்பு மேளா. அங்கே பெரிய திரையில் ஓடவிட ஒரு வீடியோ வேண்டும். இந்தக் கம்பெனியில் வேலை செய்வது எத்தனை ஆனந்தம் என்று அதைப் பார்த்தே நாலு ஊர் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும்.

"நம்ம கல்ச்சர வெளிய காட்டணும் தேவிப்பிரியா" என்று சொல்லியிருந்தார் ஓனர் அறிவழகன். "வீடியோ நல்லா வந்துச்சுன்னா புது யூனிட் ஹெச்.ஆர். முழுசா உங்க பொறுப்பு. வரலைன்னா, பெங்களூர்ல ஒரு ஏஜென்சிக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. அப்பறம் உங்க போஸ்ட் பத்தி... பாக்கலாம்."

முதலாளி 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

அதோடு விட்டாரா? "கடைசி சீன்ல நீங்களும் உங்க மாமியாரும். ஒரே வூடு, ஒரே கம்பெனி. இத விட என்னங்க கல்ச்சர் வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆபீஸ் சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று ஆளுயர எழுத்தில் எழுத வைத்தவளே தேவிப்பிரியாதான். அவள் எந்த வாயால், எங்கள் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லை சார் என்று சொல்வாள்?

ஸ்கூட்டியைக் கிளப்பியபோது பின்னால் கேட் சத்தம் கேட்டது. திரும்பினாள். தலைவலிக்காரி, தலை நிறையக் கனகாம்பரத்தோடு, இஸ்திரி மடிப்புக் கலையாத மாம்பழக் கலர் சேலையில் இறங்கி வந்து, மருமகளையும் ஸ்கூட்டியையும் தாண்டி, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

போகிற பாதை ஒன்று, போகிற இடம் ஒன்று, வண்டி மட்டும் இரண்டு. வழியில் ஸ்கூட்டி ஆட்டோவை முந்தியபோது ஆட்டோவிலிருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். தீர்த்தம்மாள் மட்டும் எதிர்ப்பக்கத்துப் புளியமரங்களைப் பார்த்தாள்.

* * *

அறிவழகன் கெட்டவரில்லை. சம்பளம் தேதி தவறாது. தீபாவளிக்குப் புடவை உண்டு. யாருக்காவது பிரசவ வலி என்றால் கம்பெனி காரே ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆனால் இதெல்லாம் கல்ச்சர் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெங்களூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய் வந்ததிலிருந்து, அவருக்குக் கல்ச்சர் என்றால் பீன் பேக்.

சிவப்பிலும் பச்சையிலுமாகப் பெரிய பெரிய மெத்தை மூட்டைகள் வந்து இறங்கின. பேக்கிங் பெண்கள் ஆளுக்கொரு தடவை உட்கார்ந்து பார்த்தார்கள். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அதில் பூனை படுக்கிறது. அடுத்து டேபிள் டென்னிஸ் மேஜை வந்தது. டிபன் பாக்ஸ் வைக்கத் தோதாக இருக்கிறதென்று அதற்கு மட்டும் எல்லோரிடமும் நல்ல பெயர்.

இன்னொரு விஷயம், கம்பெனிக்குள் எல்லோருக்கும் தெரியும், வெளியே யாரும் சொல்வதில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற தம்பியோடு அறிவழகனுக்குப் பேச்சில்லை. புது யூனிட் வாசல் எந்தத் திசையில் வைப்பது என்பதில் ஆரம்பித்தது. சாமை மூட்டை வந்துவிட்டதா என்று அண்ணன் தேவிப்பிரியாவுக்கு வாட்ஸ்அப் அனுப்புவார். அவள் அதைத் தம்பிக்கு அனுப்ப வேண்டும். ஆக, வீட்டில் கதிரவன் பார்க்கிற உத்தியோகத்தை ஆபீசில் இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேலத்திலிருந்து கேமராவோடு வந்திறங்கியவன் பெயர் ஜோஸ்வின். கல்யாண வீடியோ எடுத்துப் பழகியவன். வந்ததும் பேக்கிங் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்றான்.

"எதப் பாத்துச் சிரிக்கறதுங்க தம்பி?" என்றாள் லூர்துமேரி.

"சும்மா சிரிங்க."

"சும்மா சிரிச்சா எங்கூர்ல வேற மாதிரி நெனச்சுக்குவாங்க."

அப்போது உண்மையாகவே சிரித்தார்கள். கேமரா அப்போது ஓடவில்லை.

அதன் பிறகு எடுத்ததெல்லாம் தேவிப்பிரியாவுக்கே சகிக்கவில்லை. டேபிள் டென்னிஸ் ஆடச் சொன்னார்கள். டிபன் பாக்ஸ்களை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேர் ஆடினார்கள். பந்து அடுப்புப் பக்கம் போய்த் திரும்பி வரவில்லை. பீன் பேக்கில் உட்காரச் சொன்னார்கள். பூனை இடம் விடவில்லை. லூர்துமேரிக்கு ஒரு வசனம் கொடுத்திருந்தாள் தேவிப்பிரியா. அந்தம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் வாசகம் வாசிக்கிறவள். அதே குரலில், அதே நிறுத்தி நிதானத்தில், "இங்கு நாங்கள் அனைவரும் ஒரே குடும்பமாக மகிழ்ச்சியுடன் பணிபுரிகிறோம்" என்று முடித்து, பழக்க தோஷத்தில் லேசாகத் தலையும் வணங்கினாள். பின்னாலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள்.

ஜோஸ்வின் கேமராவை இறக்கினான். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இதப் பாத்தா யாரும் வேலைக்கு வர மாட்டாங்க."

"கடைசி சீன் நல்லா இருக்கும்" என்றாள் தேவிப்பிரியா. எந்த நம்பிக்கையில் சொன்னாளோ.

பேக்கிங் கோட்டும் தொப்பியும் மாட்டியிருந்த இரண்டு பேர் காலரிலும் ஜோஸ்வின் சின்ன மைக்கைக் குத்தினான். "மாமியாரும் மருமகளும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து, பேசிக்கிட்டே வேலை செய்யுங்க. நான் எடுத்துக்கறேன்."

தீர்த்தம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஹால் முழுக்கக் கை வேலையை நிறுத்திவிட்டது. பெண்களுக்குள் ஒரு பார்வை போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம், மறுபடி லூர்துமேரியிடம். லூர்துமேரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தீர்த்தக்கா, வா. நீயும் வாம்மா. இங்க வெளிச்சம் பத்தாது. அந்தக் கடைசி டேபிளுக்குப் போலாம்."

"அந்த டேபிளா?" என்றாள் தீர்த்தம்மாள்.

"அதேதான்."

"குக்கர் வாங்கினவ சொன்னா கேட்டுக்கத்தான் வேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

கடைசி டேபிளில் இருப்பது ஓட்டல்களுக்குப் போகிற பெரிய பைகளை ஒட்டுகிற மெஷின். ஒரு ஆள் பையின் வாயை இழுத்துச் சூட்டுக் கம்பிக்கு நேராகப் பிடிக்க வேண்டும். எதிரில் இருக்கிற ஆள் காலால் மிதிக்க வேண்டும். பிடிக்கிறவள் 'மிதி' என்று சொன்னால்தான் மிதிக்கலாம். மிதித்தவள் 'எடு' என்று சொன்னால்தான் பையை எடுக்கலாம். சொல்லாமல் செய்தால் விரல் சுடும், இல்லாவிட்டால் பை கருகும். அதனால் ஹாலில் யாருக்கு யாரோடு சண்டையோ, அவர்கள் இரண்டு பேரையும் மற்றவர்கள் சேர்ந்து அந்த டேபிளில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். பேச்சு வருகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. இந்த ஏற்பாட்டுக்குக் கோபக்கார டேபிள் என்று பெயர். பேக்கிங் ஹால் சமாச்சாரம் மாடிப்படி ஏறுவதில்லை என்பதால், ஹெச்.ஆருக்கு மட்டும் இது தெரியாது.

அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. வாசற்கதவுப் பக்கம் அறிவழகன் தன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மைக்கை ஜோஸ்வினிடம் சொல்லித் தன் போனிலும் இணைத்து வாங்கியிருந்தார். கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் நேரலை ஆரம்பித்துவிட்டது.

* * *

தீர்த்தம்மாள் பையைப் பிடித்தாள். தேவிப்பிரியா மிதியின் மேல் காலை வைத்துக் காத்திருந்தாள். மாமியார் உதடு அசையவில்லை.

"ஆரம்பிக்கலாங்களாம்மா?" என்றான் ஜோஸ்வின்.

"மிதி" என்றாள் தீர்த்தம்மாள், சுவரைப் பார்த்து.

மிதித்தாள். பை ஒட்டிக்கொண்டது. தீர்த்தம்மாள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுன்னு சொல்லு. சொன்னாத்தான எடுப்பேன்."

இத்தனை நாளில் மருமகளைப் பார்த்து அவள் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. ஹாலில் யாரோ பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

"எடுங்க அத்தே."

அடுத்த பை. "மிதி." "எடுங்க." அதற்கடுத்தது. "மிதி." "எடுங்க." நாலாவது பை கோணலாக வந்தது.

"என்னா மிதி இது? கோழிக்குஞ்சு மேல கால் வெக்கற மாதிரி."

"அழுத்தி மிதிச்சா கைய சுட்டுருமோன்னுதான்..."

"சுட்டா என் கையத்தான சுடும்."

"அதாங்க அத்தே பயம்."

தீர்த்தம்மாள் கை ஒரு நொடி நின்றது. பிறகு பையை உதறினாள். "பயமாம் பயம். அன்னிக்கு மேடையேறிப் பேர் படிச்சப்ப இந்தப் பயம் எங்க போச்சு?"

தேவிப்பிரியா குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "அத்தே, மைக் இருக்கு."

"இருக்கட்டும். அன்னிக்குந்தான் மைக் இருந்துச்சு. மிதி."

மிதித்தாள். "எடுங்க. மாமியாருக்கே குடுத்துக்கிட்டான்னு நாலு பேர் பேசுவாங்கன்னுதான் அத்தே..."

"யாரு அந்த நாலு பேரு? அதோ லூர்தே சொல்லுது, சூப்பர்வைசர் போட்ட மார்க்குல நான்தான் மேலன்னு. நெசமா, இல்லியா?"

லூர்துமேரி பிஸ்கட் தட்டுக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

"நெசந்தாங்க" என்றாள் தேவிப்பிரியா.

"மிதி." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அப்ப நான் யாரோ எவளோவா இருந்திருந்தா குடுத்திருப்ப. ஒனக்கு மாமியாராப் போனதுதான் என் தப்பு. அப்படித்தான?"

தேவிப்பிரியா மிதித்தாள். கால் மிதியிலேயே இருந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். தொப்பிக்கு வெளியே கனகாம்பரம் எட்டிப் பார்த்தது. அந்த மேடை நாளிலும் இதே பூ. முன்வரிசையில், இதே மாம்பழக் கலர் சேலையில், கூப்பிட்டால் எழுந்திருக்கத் தயாராகச் சேலை மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று தேவிப்பிரியா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அடுத்தவள் பெயரைப் படித்தாள்.

"எடுன்னு சொல்லுடி, பை கருகுது."

புகை வந்துவிட்டது. ஹாலே குபீரென்று சிரித்தது. "தப்பு என்னுதுதாங்க அத்தே" என்றாள் தேவிப்பிரியா, கண்ணில் நீர் முட்ட. "எடுங்க."

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு." கருகிய பையைத் தூக்கிப் பார்த்தாள் தீர்த்தம்மாள். "குக்கர் எனக்கென்னாத்துக்கு? வூட்டுல ரெண்டு கெடக்குது. பேர் சொன்னா எந்திரிச்சு நிக்கணும்னு ஒக்காந்திருந்தேன், அவ்வளவுதான். போவுது வுடு. மூக்கத் தொடச்சுக்க, கேமராக்காரத் தம்பி பாக்குது."

ஜோஸ்வின் கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் நகர்கிற மாதிரி சத்தமில்லாமல் நெருங்கி வந்திருந்தான். தேவிப்பிரியா எழுதிக் கொடுத்திருந்த கேள்வியைக் கேட்டான். "அம்மா, இந்தக் கம்பெனி உங்களுக்கு ஏன் புடிக்கும்?"

எழுதிக் கொடுத்த பதிலும் உண்டு. தீர்த்தம்மாளுக்கு அது சுத்தமாக மறந்துபோயிற்று.

"வூட்டுல சண்டை வந்தா இவ ரூமுக்குப் போய்க் கதவச் சாத்திக்குவா. நான் டிவிய வெச்சுக்குவேன். நடுவுல எம் பையன் முழிச்சுக்கிட்டு நிப்பான். இங்க அதெல்லாம் ஆவாதுங்க தம்பி. கோவக்காரங்கள இந்த டேபிள்ல போட்ருவாங்க. வாயத் தொறக்கலைன்னா கை வெந்துரும். நானும் லூர்தும் கூட முன்னால ஒருக்கா இங்க ஒக்காந்திருக்கோம். அதோ சின்னம்மா, அதுக்கும் அதோட ஓரகத்திக்கும் ஒரு வருசமாப் பேச்சில்ல. மத்தியானச் சோத்துக்குள்ள சரியாப் போச்சு. பொழுதோட எந்திரிச்சுப் போறப்ப யாரும் மனசுல ஒண்ண வெச்சுக்கிட்டுப் போறதில்ல. எனக்கு அதாங்க புடிக்கும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்க ஓனரையும் அவரு தம்பியையும் கூட இங்க கொண்டாந்து ஒக்கார வெக்கணும்னு ரொம்ப நாளாப் பேச்சு. யாரு போய்ச் சொல்றதுன்னுதான் தெரியல."

சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோர் தலையும் வாசற்கதவுப் பக்கம் திரும்பியது. அப்போதுதான் தேவிப்பிரியா பார்த்தாள், தூக்கிப் பிடித்த போனையும், அதற்குப் பின்னால் இருந்த முகத்தையும்.

"சார், அது..."

"லைவ்" என்றார் அறிவழகன். அணைக்கக்கூடத் தோன்றாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டார். வெகுநேரம் அவருடைய சட்டைப் பையின் இருட்டுதான் ஊருக்கு ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது.

* * *

மாடியில் ஓனர் அறைக் கதவு சாத்தியே இருந்தது. தேவிப்பிரியா தன் மேஜையில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். நாம் ஒரே குடும்பம். எழுத்து ரொம்பப் பெரிதோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. டிராயரைத் திறந்து தன் சாமான்களைப் பார்த்தாள்: சீப்பு, சார்ஜர், ஊறுகாய் டப்பா. ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

கதிரவன் போன் பண்ணினான். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"பஸ் அரூர் ஸ்டாண்டுல நிக்குது. டிரைவர் எடுக்க மாட்டேங்கறாரு. அத்தினி பேரும் எங்கம்மாவத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. நடுவுல முழிச்சுக்கிட்டு நிக்கற பையன் நீதானான்னு ஒரு பாட்டி கேக்குது, நான் என்னா சொல்லட்டும்?"

"ஆமான்னு சொல்லுங்க. எனக்கு வேலை போயிருச்சுன்னு நெனைக்கறேன்."

"அப்ப அம்மா பேசிருச்சா ஒன்கிட்ட?"

"பேசிட்டாங்க."

"அப்பாடா" என்றான் கதிரவன். மனைவியின் வேலை போன கவலையை விட, தன் தூது வேலை போன சந்தோஷம்தான் அவனுக்குப் பெரிது.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போனாள். அறிவழகன் போனை மேஜை மேல் வைத்து, விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். அது நிமிடத்துக்கொரு தடவை அதிர்ந்தது.

"தேவிப்பிரியா, உங்க மாமியார் சொன்னது ஊர் பூரா பரவிருச்சு."

"மன்னிச்சுக்கங்க சார். லைவ்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா லூர்தக்கா மாதிரிதான் எல்லாம் பேசியிருப்பீங்க." போனைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. வத்தல்மலையில இருந்து ஒரு பொண்ணு எழுதுது, அந்த டேபிள் இருக்கற கம்பெனி எங்க இருக்குன்னு. இந்தப் பொண்ணு ஓசூர்ல வேலை பாக்குதாம். ரெண்டு வருசமா பக்கத்து மெஷின்ல இருக்கற பொண்ணு பேர் தெரியாதாம். பீன் பேக் பத்தி ஒருத்தர் கூடக் கேக்கல."

"கேட்டா பூனை இருக்குன்னு சொல்லணும் சார்" என்றாள், தன்னை மறந்து.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து பார்த்தால் பேக்கிங் ஹாலின் கடைசி மூலை தெரியும். ஷிப்ட் முடிகிற நேரம். பெண்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கோபக்கார டேபிளில் மட்டும் ஒரு ஆள், கையைக் கட்டிக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தார். ஸ்டோரிலிருந்து இறங்கி வந்த தம்பி.

"அரை மணி நேரமா ஒக்காந்திருக்கான்" என்றார் அறிவழகன். "நேரலைய அவனும் பாத்திருக்கான். எனக்கு அந்த மெஷின மிதிக்கக்கூடத் தெரியாதுங்க."

"அவர் மிதின்னு சொல்லுவாரு சார். சொன்னதும் மிதிங்க. எடுன்னு சொல்ல மட்டும் மறந்துராதீங்க, பை கருகிரும்."

தலையாட்டினார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "ஞாயித்துக்கெழமை மேளாவுக்கு அந்த டேபிளையே தூக்கிக்கிட்டுப் போங்க. பெங்களூர்க்காரங்கள நான் வேணாம்னு சொல்லிர்றேன். புது யூனிட் உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு, அந்த டேபிளுக்கு எதுத்தாப்ல உங்க மாமியார் ஒக்காந்திருக்கணும். அவங்க இல்லைன்னா இந்த வீடியோவுக்கு அர்த்தமே இல்ல."

"அதுக்கென்னங்க சார். எங்க வூட்டு ஆளுதான" என்றாள் தேவிப்பிரியா.

* * *

அன்று சாயங்காலம் பின்தெருவில் ஆளுக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். ஒருத்திக்குக் கோலமாவு கொட்ட வேண்டியிருந்தது, இன்னொருத்திக்குத் துணி எடுக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பியது. முன்னால் தேவிப்பிரியா. பின்னால், ஒரு கையில் டிபன் பாக்ஸும் ஒரு கை மருமகளின் தோளிலுமாகத் தீர்த்தம்மாள். ஷேர் ஆட்டோக்காரருக்கு அன்றோடு ஒரு வாடிக்கை போனது.

"மெதுவாப் போ. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள் தீர்த்தம்மாள். மெதுவாகவே போனார்கள்.

கேட்டைத் திறக்கும்போது தீர்த்தம்மாளின் போன் அடித்தது. காதில் வைத்தாள். முதலில் "யாருங்க?" என்றாள். பிறகு "ஆமாங்க, நான்தானுங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம்தான் பேச்சு. "அப்படீங்களா... ஓசூர் கம்பெனிங்களா... வீடியோ பாத்தீங்களா... சூப்பர்வைசரா?... வேனு வூட்டு வாசலுக்கே வருங்களா?... வந்து அங்கயும் இதே மாதிரி டேபிள் போடணுமா..." கனகாம்பரத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்றேனுங்க."

ஸ்டாண்ட் போட்ட கால் அப்படியே நின்றது தேவிப்பிரியாவுக்கு. நாலு ஊர் பிள்ளைகளை இழுக்க எடுத்த வீடியோ, சொந்த வீட்டு ஆளையே ஓசூருக்கு இழுத்துக்கொண்டு போகும்போல் இருந்தது.

"அத்தே, இதுல யோசிக்க என்னங்க இருக்குது? மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல? ஞாயித்துக்கெழமை மேளா இருக்குது, புது யூனிட் இருக்குது, ஓனர் உங்கள நம்பித்தான்..."

தீர்த்தம்மாள் டிபன் பாக்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். முகத்தில் கோபம் துளியும் இல்லை. அதுதான் தேவிப்பிரியாவுக்குப் பயமாக இருந்தது.

"இப்ப நீ ஆபீசராக் கேக்கறியா, மருமவளாக் கேக்கறியா?"

தேவிப்பிரியா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"ஆபீசருன்னா ஆபீசர் மாதிரி கேளு. அவங்க சூப்பர்வைசர்னு சொல்றாங்க, நீ என்னா சொல்றேன்னு பாக்கறேன். மருமவன்னா அடுப்பப் பத்த வெய்யி, டீ குடிச்சுக்கிட்டே பேசலாம். ரெண்டுல எதுன்னு மொதல்ல நீ முடிவு பண்ணிக்கிட்டு உள்ள வா."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தேவிப்பிரியா வாசலிலேயே நின்றாள். துணி எடுக்க வந்தவள் எடுத்த துணியையே மறுபடி கொடியில் போட்டாள். விஷயம் தெரியாமல் எப்படி உள்ளே போவது?